பார்க்கில் திருவிழா நடத்துவது எப்படி: கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கணக்கு

தீம் பார்க்கில் பொங்கல் விழாவோ, கோடை விழாவோ, புத்தாண்டு இரவோ எதை நடத்தலாம் என்று பேச உட்கார்ந்தாலும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "யாரைக் கூப்பிடலாம்?" டிவியில் பாடிய பையனா, சென்னை டிஜேவா, மிமிக்ரி கலைஞரா என்று அரை நாள் அதிலேயே போய்விடும். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பார்க் எந்த நேரத்தில் தூங்கி வழிகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

இதற்கு ஒரு நோட்டும் இரண்டு பையன்களும் போதும். ஒரு வாரம், சனி ஞாயிறு உட்பட, மணிக்கு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று வாசலில் எழுதச் சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் தண்ணீர் ரைடு உள்ள பார்க்குகளில் நான் பார்த்தவரை கதை ஏறக்குறைய ஒன்றுதான். பதினொன்றுக்குள் கூட்டம் உள்ளே வந்துவிடும், ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டிலிருந்து மூன்றரை வரை நிழல் கண்ட இடத்தில் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள், நாலரைக்கு ஈரத் துணியை மாற்றியவுடன் யாராவது ஒரு மாமா "கிளம்பலாமா?" என்பார், அத்தோடு பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம் எழுந்துவிடும். ஆக உங்களுக்கு இரண்டு ஓட்டைகள்: மதியம் இரண்டு மணி, மாலை ஐந்து மணி. நிகழ்ச்சி என்பது இந்த ஓட்டைகளை அடைக்கத்தான். டிஸ்னிலேண்டில் மின்விளக்கு ஊர்வலத்தை 1972ல் தொடங்கினார்கள். இருட்டிய பிறகு ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தால் அங்கேயும் மாமா உட்கார்ந்துவிடுவார்.

மதியத்துக்குப் பெரிய மேடை வேண்டாம். ஒரு பந்தல், நாலு மின்விசிறி, பொம்மலாட்டமோ மேஜிக்கோ கதை சொல்பவரோ போதும், இருபத்தைந்து நிமிடம். மாலை ஐந்தேகாலுக்குத்தான் பறையும் ஊர்வலமும். காலை பதினொன்றுக்கு எதுவும் வைக்காதீர்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்த பிள்ளைக்கு அப்போது ரைடைத் தவிர எதுவும் கண்ணில் படாது, கலைஞர் காலி நாற்காலிக்கு ஆடிக்கொண்டிருப்பார்.

இன்னொரு கணக்கும் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு 3,000 பேர், உங்கள் அரங்கில் 400 இருக்கை என்றால், மூன்று காட்சி போட்டாலும் 1,200 பேர்தான் பார்க்க முடியும். மீதி 1,800 பேர் "நாங்கள் பார்க்கவே இல்லை" என்று திட்டிக்கொண்டு போவார்கள். அதனால்தான் பணத்தை எல்லாம் மேடையில் கொட்டாமல் கொஞ்சத்தை வரிசை நிற்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். ராட்டினத்துக்கு நாற்பது நிமிடம் காத்திருப்பவன் முன்னால் ஒரு பொய்க்கால் குதிரை வந்து ஐந்து நிமிடம் ஆடிவிட்டுப் போனால், அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்வது அந்தக் குதிரையைப் பற்றித்தான்.

சரி, எந்த மாதத்தில் என்ன?

வெளிநாட்டுப் பார்க்குகளைப் பார்த்து அக்டோபர் கடைசியில் பேய் விழா நடத்தலாம் என்று வருடா வருடம் ஒருவர் கிளம்புவார். கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973லிருந்து அதைச் செய்கிறது, அவர்களுக்கு அது சரி. நமக்கு அது ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை, தீபாவளிச் செலவு, கையில் காசு இல்லாத நேரம். பேய் வீடு வேண்டுமென்றால் மே மாத இரவுகளில் வையுங்கள், பள்ளி விடுமுறை, வெயில் தாழ்ந்த பிறகு வரக் கூட்டம் தயாராக இருக்கும்.

தை மாதம் சுலபம்போலத் தெரியும், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. காணும் பொங்கலன்று எப்படியும் கூட்டம் வரும், அன்று நிகழ்ச்சிக்குச் செலவு செய்வதைவிடக் குடிதண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஆள் போடுவது புத்திசாலித்தனம். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை, கெடிலக் கரைகளில் ஆற்றுத் திருவிழா. ஊரே ஆற்று மணலில் இருக்கும், சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருக்கும். அன்று போட்டி போட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம். அதற்கு அடுத்து வரும் ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் திருவிழாவில் விற்கும் சிறுவள்ளிக்கிழங்கை வாங்கி வேகவைத்து மண்சட்டியில் கொடுத்தால் அதற்கே ஒரு வரிசை நிற்கும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கம் சாலை நகராது, அன்று கலைஞர்களின் வேன் நேரத்துக்கு வரும் என்று நம்பி எதையும் போடாதீர்கள்.

கோடைதான் நம் அறுவடை. இங்கே எனக்குப் பிடித்தது பலாப்பழ வாரம். பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது, மே, ஜூனில் பழம் குவியும். ஆனால் செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும். முதல் தடவை நான் "யார் அதிகம் சாப்பிடுகிறார்கள்" என்று போட்டி வைத்தேன். ஜெயித்த பையன் பரிசை வாங்கிக்கொண்டு நேராகப் போய்ச் சுற்றும் ரைடில் ஏறினான். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம், அந்த ரைடை முக்கால் மணி நேரம் நிறுத்திக் கழுவினோம் என்பதோடு விட்டுவிடுகிறேன். இப்போது வைப்பது சுளை உரிக்கும் போட்டி: ஒரு நிமிடத்தில் எத்தனை சுளை. பழத்தைப் பெரியவர் ஒருவர்தான் வெட்ட வேண்டும், கைக்குத் தேங்காய் எண்ணெய், பக்கத்தில் பழைய துணி. பலாப்பால் நீச்சல் உடையில் பட்டால் போகாது, அதனால் குளத்திலிருந்து தள்ளி வையுங்கள். சக்கையை மணிக்கு ஒருமுறை அள்ளாவிட்டால் ஈ மொய்த்து உங்கள் ஐஸ்கிரீம் கடைக்காரர் சண்டைக்கு வருவார். கொட்டையை வீணாக்காமல் சுட்டு விற்கலாம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. பந்தல்காரர், மைக் செட்காரர், மேடை அலங்காரம் செய்பவர் எல்லாரும் சும்மா இருப்பார்கள், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆனால் அதே ஆடியில் பம்பை, உடுக்கை, கரகம் ஆடுகிறவர்கள் ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார்கள், அம்மன் கோயில்களுக்கே ஆள் போதாது. வீராம்பட்டினம் தேரன்று புதுச்சேரிப் பக்கம் வேறு எதையும் யோசிக்காதீர்கள். புரட்டாசியில் உணவுக் கடைகளில் பிரியாணியை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள். சுதந்திர தினமும் நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளும் விடுமுறைதான், ஆனால் பின்னதை மழையும் பங்கு கேட்கும்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பெரிய வசூல், பெரிய ஆபத்தும்கூட. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில். புத்தாண்டு இரவுக்குக் கட்டியிருந்த மேடை எதுவும் அன்று மிச்சமில்லை. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த ஒப்பந்தத்திலும் மழை வந்தால் என்ன என்று ஒரு பத்தி இருக்க வேண்டும்: எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் முன்பணம் வேறு தேதிக்கு மாறும், கலைஞர் வந்து இறங்கிய பிறகு ரத்தானால் எவ்வளவு கொடுப்பது. இதை வாயால் பேசி வைத்தால் சண்டைதான் மிஞ்சும். வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கையைக் காலையும் மாலையும் பாருங்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் மேடைக்காரரிடம் உடனே பேசுங்கள், சாயங்காலம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கூத்தை நாற்பது நிமிடமாக்குவது

பிரான்சில் புய் டு ஃபூ என்றொரு பார்க் இருக்கிறது, அங்கே ராட்டினமே கிடையாது, எல்லாம் காட்சிகள்தான். 1978ல் ஊர்க்காரர்களே தங்கள் ஊர்க் கதையை இரவில் நடித்துத் தொடங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சுத் தெருவைக் காட்டிப் பிழைக்கும் நாம் இதை ஏன் பார்க்கவில்லை என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தெருக்கூத்து ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், இருக்கின்றன, விழுப்புரத்தில் மல்லர் கம்பப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சிலம்பம் ஊருக்கு ஊர் இருக்கிறது. நாம் மும்பையிலிருந்து ரஷ்ய நடனக் குழுவைக் கூப்பிடுகிறோம்.

கூத்துக்காரர்களைக் கூப்பிடும்போது சில விஷயங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும், அப்போது கேட்டால் நல்ல ஜமா கிடைக்காது. மார்கழி, தையில் கேளுங்கள். போனில் பேசி ஆன்லைனில் முன்பணம் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள், ஒரு நடை போய் ஜமாவை நடத்தும் வாத்தியாரைப் பார்த்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு நடை உங்களுக்குப் பின்னால் பத்துச் சிக்கலைக் குறைக்கும்.

பெரிய சிக்கல் நேரம். விடிய விடிய ஆடுகிறவர்களிடம் நாற்பது நிமிடம் என்றால் முகம் சுருங்கும். "தம்பி, கட்டியக்காரன் வந்து பேசி முடிக்கவே முக்கால் மணி ஆவுமே" என்றார் ஒரு வாத்தியார். வாத்தியார் சொன்னது உண்மை, கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளிதான் கட்டியக்காரன். கதையைச் சுருக்கச் சொல்லாதீர்கள், சுருக்கினால் எதுவும் புரியாது. ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டியக்காரன் பத்து நிமிடம், அவனையே பார்வையாளர்களோடு பேசவிட்டால் ரைடு, டிக்கெட் விலை, உங்கள் மேனேஜர் எல்லாரையும் கிண்டல் செய்து கூட்டத்தைச் சேர்த்துவிடுவான். அப்புறம் இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னாலிருந்து பாடி, சலங்கை தெறிக்கத் துரியோதனன் வெளியே வரும் வேஷ வருகை. அதைப் பார்த்த பிள்ளைகள் அசையாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தர்க்கம், ஒரு ஆட்டம், முடிந்தது. துரியோதனன் வீழும் படுகளத்தை மட்டும் கேட்காதீர்கள். அது கோயில் சடங்கு, டிக்கெட் போட்டுக் காட்டுவதற்கில்லை, நல்ல வாத்தியார் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

மேடை உயரமாக வேண்டாம், சமதரை, மூன்று பக்கமும் ஆட்கள். சட்டையில் மாட்டும் மைக்கைக் கொடுத்தால் முதல் கிறுகியிலேயே, அதாவது சுழன்று ஆடும்போதே, எகிறிவிடும், மேலிருந்து இரண்டு மைக் தொங்கவிடுங்கள். முகவீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் தனி மைக். வேஷம் போட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதற்குக் கண்ணாடி, நல்ல வெளிச்சம், மின்விசிறி, கதவு உள்ள அறை. ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தால் அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அடுத்த வருடம் வர மாட்டார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, வேஷம் போடுவதையே ஒரு காட்சியாக்கலாம் என்று எனக்குத் தோன்றும், கயிறு கட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கவிட்டால் மதிய ஓட்டையில் ஒரு மணி நேரம் ஓடும். வாத்தியாரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சிலருக்குப் பிடிக்காது.

பள்ளிச் சிலம்பக் குழுவை அழைத்தால் ஒரு பிள்ளைக்கு நாலு டிக்கெட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அப்பா, அம்மா, பாட்டி, வீடியோ எடுக்கச் சித்தப்பா.

ஊர்வலத்துக்கான பெரிய தலைகளையும் முகமூடிகளையும் திருக்கனூர் காகிதக்கூழ் கலைஞர்களிடம் செய்யக் கொடுங்கள். புவிசார் குறியீடு பெற்ற வேலை, ஃபைபரைவிட எடை குறைவு. இரண்டு மாதம் முன்னே சொல்ல வேண்டும். மழையில் நனையவிடக் கூடாது, வார்னிஷ் அடித்திருந்தாலும் கழுத்து ஓரத்தில் ஈரம் ஏறும். கண்ணுக்கும் வாய்க்கும் விட்ட ஓட்டை போதுமா என்று நீங்களே ஒருமுறை மாட்டிப் பத்து நிமிடம் வெயிலில் நடந்து பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் கரடி வேஷத்துக்குள் இருக்கும் பையனுக்கு நான் கொடுக்கும் நேரம் பதினைந்து நிமிடம், அப்புறம் அரை மணி நிழல், மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. வேஷம் போட்டவரோடு வேஷம் போடாத ஒருவர் எப்போதும் நடக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுப்பார்கள்.

மேடை, சத்தம், கரண்டு

மேடையை எந்தத் திசை பார்த்து வைப்பது என்பதில் இங்கே எல்லாரும் ஒருமுறையாவது தப்பு செய்வார்கள். கிழக்கே கடல், மேற்கே ஊர். கூட்டம் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் ஐந்து மணி வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். கூட்டத்தைக் கிழக்கே பார்க்க வைத்தால் ஸ்பீக்கர் ஊரைப் பார்த்துக் கத்தும், மதியத்துக்கு மேல் அடிக்கும் கடற்காற்றும் அந்தச் சத்தத்தை ஊருக்குள் கொண்டுபோய் விடும், இரவு எட்டுக்குள் புகார் வரும். வடக்கு தெற்காக வைத்துவிடுங்கள். பெரிய ஸ்பீக்கர் இரண்டை முன்னால் அடுக்கி அலறவிடுவதைவிடச் சிறியதாக ஆறேழைக் கூட்டத்துக்குள் பிரித்து வைத்தால் சத்தமும் குறையும், பேச்சும் புரியும். சட்டப்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதிகபட்சம் 15 நாள். உங்கள் புத்தாண்டு இரவு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்னமே கேளுங்கள். பார்க்கின் எல்லையில் எந்த நேரத்திலும் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது, பகுதியைப் பொறுத்து அதற்கும் குறைவாகவே இருக்க வேண்டியிருக்கும்.

சினிமாப் பாட்டு போட்டால் பொது இடத்தில் ஒலிபரப்ப உரிமம் வேண்டும்: பாடல், இசை எழுதியவர்கள் பக்கம் ஒன்று, ஒலிப்பதிவு நிறுவனங்கள் பக்கம் ஒன்று. டிஜே வாங்கியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள், நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். காவல் நிலையம், தீயணைப்பு, மின் ஆய்வு, உணவுக் கடைகளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, இவற்றுக்கு ஒரு மாதம் முன்பே மனு. கடலூரும் புதுச்சேரியும் அரை மணி தூரம்தான், ஆனால் அலுவலகமும் படிவமும் வேறு வேறு, ஒன்றில் வாங்கிய பழக்கம் இன்னொன்றில் செல்லாது.

மழை நடனம், அலைக்குளம் பக்கம் மைக் வைப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எல்லா லைனிலும் 30 மில்லிஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்பு பிரேக்கர் இருக்க வேண்டும், அதை அன்று காலை டெஸ்ட் பட்டனை அழுத்தி விழ வைத்துப் பார்க்க வேண்டும். பாடுபவர், பேசுபவர் கையில் பேட்டரி மைக் மட்டும். கடல் உப்புக் காற்றில் பிளக்கின் முள் துரு பிடித்துச் சூடாகும், வாடகைக்கு வரும் வயர்களைக் கையால் தடவிப் பார்த்து, ஒட்டுப் போட்டதைத் திருப்பி அனுப்புங்கள். ஜெனரேட்டர் டீசலை மேடைக்குப் பின்னால் வைக்கும் பழக்கம் பல இடத்தில் உண்டு, விடவே விடாதீர்கள். பார்க் திறந்திருக்கும்போது வெல்டிங்கும் கூடாது. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் பிள்ளைகள் விளையாடும் ஒரு கேம் ஜோனில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் தீயில் இறந்தார்கள், அங்கே வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நுரையைப் பனி மாதிரித் தூவும் இயந்திரம் ஒன்று வாடகைக்கு வரும். படத்துக்கு அழகு. தரையில் வழுக்கும், கண்ணில் எரியும். வேண்டாம் என்பது என் முடிவு.

எல்.இ.டி. திரையும் பேனரும் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. கையில் பிடிக்கும் சின்னக் காற்றுமானி ஒன்று வாங்கி மேடைக்காரரிடமே கொடுங்கள். நாங்கள் வைத்திருக்கும் அளவு, மணிக்கு 30 கி.மீ. வந்தால் பேனரைக் கழற்று, 40 வந்தால் திரையை இறக்கு, மேடைக்கு முன்னால் இருப்பவர்களை நகர்த்து.

இதை யார் சொல்வது? நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் முதலாளியாக இருக்கக் கூடாது, ஏனென்றால் அவர் அந்த நேரத்தில் விஐபி வரிசையில் உட்கார்ந்திருப்பார். வாக்கிடாக்கியில் ஒரு சொல், நாங்கள் "மணி அடி" என்று வைத்திருந்தோம். அது வந்ததும் பாட்டை மெதுவாகக் குறைத்து, எல்லா விளக்கையும் போட்டு, அதுவரை பேசிய அதே அறிவிப்பாளர் அதே குரலில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். திடீரென்று இருட்டாக்கி விசில் அடித்தால்தான் கூட்டம் ஓடும். நிற்கும் கூட்டம் சதுர மீட்டருக்கு நாலு பேரைத் தாண்டவிடாதீர்கள், தரையில் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து நாலு பேரை நிற்க வைத்துப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம் என்று கண்ணுக்குப் பழகும். உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனி. பிள்ளைகள் கையில் பெற்றோர் எண் எழுதிய பட்டை.

முடிவு நேரத்தைக் கடைசி டவுன் பஸ்ஸை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காரில் வந்தவர் எப்போது வேண்டுமானாலும் போவார், நெல்லிக்குப்பத்திலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ்ஸில் வந்த குடும்பம் எட்டு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும், பாதி நிகழ்ச்சியில் எழுந்து போகிறவர்கள் அவர்கள்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கிங்கில் வந்து முட்டாமல் இருக்க, பெரிய நிகழ்ச்சி முடிந்த பிறகு வாசலுக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் பறையோ நாதஸ்வரமோ ஓடட்டும், சுண்டல் கடையையும் அங்கேயே போடுங்கள். கூட்டம் தானாகவே மூன்று நாலு தவணையாக வெளியேறும்.

கலைஞர்களின் மீதிப் பணத்தை அன்றிரவே, அரிதாரம் கலைக்கும் முன்பே, கையில் கொடுத்துவிடுங்கள். "திங்கட்கிழமை அக்கவுண்டன்ட் வந்ததும்" என்ற பேச்சே வேண்டாம். பதினைந்து பேருக்குச் சூடான சாப்பாடு தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கேன்டீன் ஒன்பதுக்கே மூடிவிடும், அவர்கள் வேஷம் கலைத்து வரப் பத்தரை ஆகும்.